ஏஓ யூனிட், ஓஏஜி, புது விலைப் பட்டியல்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

மழை முடிந்து வானம் திறக்கிற இந்த நேரத்தில் நம் தொலைநோக்கிக் கடைக்குப் புதுச் சரக்கு வந்த செய்தியைத்தான் வழக்கமாக உங்களுக்கு அனுப்புவோம். இந்த முறை வேறு விஷயம். வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது, உங்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். ஏஓ யூனிட் கேட்டுப் போனவரிடம் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லி, ஓஏஜி-யையும் புது கைடு கேமராவையும் தலையில் கட்டிவிட்டோமாம். தெரியாதவர்களுக்கு: படம் பிடிக்கும்போது ஒரு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்து தொலைநோக்கி விலகாமல் திருத்துவது கைடிங், அதற்கான கேமரா கைடு கேமரா. அந்த நட்சத்திரத்தைப் பெரிய குழாயின் ஒளியிலிருந்தே ஓரமாக எடுத்துத் தருவது ஓஏஜி (ஆஃப்-ஆக்சிஸ் கைடர்). வரும் ஒளியையே வேகமாகச் சாய்த்துத் திருத்தும் பெட்டி ஏஓ (அடாப்டிவ் ஆப்டிக்ஸ்). விலை ஏறிவிட்டது என்று திட்டியிருந்தால் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன், அது நியாயம்தான். ஆனால் 'தலையில் கட்டினார்கள்' என்பது பொறுக்கவில்லை. ஏஓ யூனிட்டின் விலைக்கு முன்னால் ஓஏஜி ஒன்றுமே இல்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்திருந்தால் எங்களுக்குத்தான் லாபம் அதிகம்.

நடந்ததைச் சொல்கிறேன், ஆளைச் சொல்லவில்லை. ஏஓ கேட்டு வந்த நண்பரிடம் இருப்பது 8 இன்ச் எஸ்சிடி (ஷ்மிட்-கேஸக்ரைன், கண்ணாடி வைத்த குட்டைக் குழாய்த் தொலைநோக்கி), குவியத் தொலைவு 2032 மில்லிமீட்டர். கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான். அதாவது ஒரு பிக்சலுக்கு 0.38 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்). மேலே கட்டியிருந்த கைடு ஸ்கோப், அதாவது கைடு கேமராவுக்கான சின்னத் தொலைநோக்கி, 120 மில்லிமீட்டர் குவியத் தொலைவு, அதில் 3.75 மைக்ரான் கேமரா. அங்கே ஒரு பிக்சலுக்கு 6.4 ஆர்க் செகண்ட். கைடு கேமராவின் ஒரு பிக்சல் அகலத்துக்குள் படக் கேமராவின் 17 பிக்சல் வரிசையாக அடங்கிவிடும். இருந்தாலும் கைடிங் மென்பொருளான பிஎச்டி2 காட்டிய கிராஃப் அழகாகத்தான் இருந்தது, ஏற்ற இறக்கமே இல்லை. படத்தில் மட்டும் நட்சத்திரங்கள் அரிசி மணி போல நீண்டிருந்தன. காற்றுதான் காரணம், ஏஓ போட்டால் சரியாகிவிடும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

படங்களை பென்டிரைவில் வாங்கி, முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினோம். மொத்தப் புலமும் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தது. காற்று அப்படிச் செய்யாது. சீயிங், அதாவது காற்றின் நிதானம், மோசமென்றால் நட்சத்திரம் குண்டாகும், ஆனால் வட்டமாகவே குண்டாகும். ஒரே திசையில் மெதுவாக நகர்ந்தால் எங்கோ ஏதோ வளைகிறது என்று அர்த்தம். எஸ்சிடி-யில் பெரிய கண்ணாடி நடுக்குழாயின் மேல் சறுக்கித்தான் ஃபோகஸ் ஆகிறது, குழாய் சாயச் சாய அதுவும் கொஞ்சம் சாயும். மேலே தனியாக உட்கார்ந்திருக்கிற கைடு ஸ்கோப்புக்கு அது எப்படித் தெரியும்? ஓஏஜி அதே கண்ணாடி வழியாக வரும் ஒளியிலிருந்தே ஓரத்தில் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வதால் அதற்குத் தெரியும். இன்னொன்றும் சொன்னோம், அது குழுவில் வரவில்லை: ஏஓ வாங்கினாலும் ஓஏஜி வேண்டும். ஏஓ கண்ணாடியைத் தாண்டி வரும் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ள முடியும்.

அந்த ஏஓ பெட்டிக்குள் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வானாய்வகங்களில் ஏஓ என்றால், முகம் வளையும் கண்ணாடி ஒன்று, நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வடிவம் மாறி, காற்று கலைத்த ஒளியலையை நிமிர்த்துகிறது. 1953-ல் அமெரிக்க வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் சொன்ன யோசனை அது. பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் இல்லாவிட்டால் லேசர் அடித்து, சுமார் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அடுக்கில் செயற்கை நட்சத்திரம் ஒன்றை உண்டாக்குகிறார்கள். நம் கைக்கு வரும் யூனிட்டில் ஒளி ஊடுருவும் கண்ணாடித் தட்டோ, ஒளியைத் திருப்பும் சின்ன முகக்கண்ணாடியோ இருக்கும், அது இப்படியும் அப்படியும் சாயும், அவ்வளவுதான். பிரகாசமான கைடு நட்சத்திரம் கிடைத்தால் நொடிக்கு ஐந்து, பத்து முறை. காற்றோ மில்லி விநாடிகளில் மாறுகிறது. போதாததற்கு, ஓரத்து நட்சத்திரம் பார்க்கிற காற்று வேறு, நடுவிலுள்ள கேலக்ஸி பார்க்கிற காற்று வேறு. ஆகவே இது காற்றைவிட மவுண்டை, அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பைத்தான் சரிசெய்கிறது: கியரின் சின்னச் சின்னக் குலுக்கல், காற்று வீசி உண்டாகும் ஆட்டம். கனமான மவுண்ட், நிலையான தூண், நீண்ட குவியத் தொலைவு என்று வைத்திருப்பவர்களுக்கு அது உதவும், கேட்டவர்களுக்கு வரவழைத்தும் கொடுத்திருக்கிறோம்.

மாடியில் வைத்துப் பிடிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. சென்னையிலோ கோவையிலோ 3 ஆர்க் செகண்ட் சீயிங் கிடைத்தாலே, அதாவது காற்று நட்சத்திரத்தை அவ்வளவு அகலத்துக்கு மட்டும் பரப்பினாலே, நல்ல இரவு. கைடிங்கின் சராசரிப் பிழை (மொத்த ஆர்எம்எஸ்) 0.6 என்றால் நட்சத்திரத்தின் அகலம் ஏறக்குறைய 3.2 வரும். கைடிங் பிழையைச் சுத்தமாகப் பூஜ்யமாக்கினாலும் 3.0. அந்த 0.2-க்காக அவ்வளவு பணமா? பகல் முழுக்க வெயில் குடித்த தளம் நள்ளிரவு வரை சூடு கக்கிக்கொண்டிருக்கும். ஏஓ-வைவிட ஜவ்வாது மலைக்கு ஒரு வண்டி வாடகை அதிகப் பலன் தரும், சும்மா சொல்லவில்லை. தவிர, ஏஓ தடிமனானது. எஸ்சிடி-யின் குவியத் தொலைவைக் குறைக்கும் எஃப்/6.3 ரெட்யூசர் லென்ஸுக்குப் பின்னால் கேமரா சென்சார் வரை இருப்பதே சுமார் 105 மில்லிமீட்டர் இடம்தான். அதற்குள் ஏஓ, ஓஏஜி, ஃபில்டர் வீல் எல்லாவற்றையும் நுழைத்துப் பாருங்கள்.

அப்படியானால் யாருக்கு எது? 400, 500 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள ரெஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி) வைத்திருப்பவர்களுக்குச் சின்ன கைடு ஸ்கோப்பே போதும், ஆட்டமில்லாமல் இறுக்கிக் கட்டுங்கள், கேபிள் எங்காவது மாட்டி இழுக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஆயிரத்துக்கு மேல் போனால் ஓஏஜி-யைப் பற்றி யோசியுங்கள். எஸ்சிடி என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். ஓஏஜி-க்குக் கேமரா எடுக்கும்போது சென்சார் கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது. ஏஎஸ்ஐ174 மினி கேமராவை நாங்கள் சொல்வது அதன் 11 மில்லிமீட்டர் அகலச் சென்சாருக்காகத்தான், சின்னதில் நட்சத்திரம் தேடியே பாதி இரவு போய்விடும். கைடு கேமராவின் எக்ஸ்போஷர் வழக்கமான மவுண்டுக்கு 2, 3 விநாடி. ஹார்மோனிக் கியர் வைத்த மவுண்டுக்கு அரை விநாடியிலிருந்து 1 விநாடி, ஏனென்றால் அதன் பிழை பெரியது, வேகமாகவும் மாறும்.

சரி, விலை. 2014-ல் டாலர் 60 ரூபாய்ப் பக்கம் இருந்தது, 300 டாலர் கேமராவுக்கு 18,000 ரூபாய் கணக்கு. டாலர் 85-ஐத் தாண்டிய பிறகு அதே 300 டாலர் 25,500-க்கு மேல், அப்புறம் சரக்குக் கூலி, சுங்கம், 18 சதவீத ஜிஎஸ்டி. புது விலைப் பட்டியல் இதனுடன் வருகிறது. முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான், அதில் மாற்றமில்லை.

உங்கள் வீட்டுக்கே வந்து மவுண்டைப் பொருத்தி, அதன் அச்சை வான துருவத்துக்கு நேராக வைத்து (போலார் அலைன்மென்ட்) கொடுத்த நம் தம்பி வெளியூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். சந்தோஷமாகத்தான் அனுப்பி வைத்தோம். வேறு ஆள் பழகும்வரை வீட்டுக்கு வருவது முடியாது, போனில் நானே பேசுகிறேன்.

நாங்கள் பைனாகுலர் மட்டும் விற்ற காலத்திலிருந்து வருகிறவர்கள், முதல் சம்பளத்தில் டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கி இப்போது பிள்ளைகளுக்குச் சனிக்கோள் காட்டுகிறவர்கள், இந்தப் பேச்சு கிளம்பியதும் "எங்களுக்குத் தெரியும் அண்ணே" என்று போன் செய்தவர்கள், உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்களை நம்பித்தான் கடை ஓடுகிறது. பெட்டி திறந்த கேமராக்களுக்கு இனி பணமாகத் திருப்பாமல் கடைக் கணக்கில் வரவு வைப்போம், அதையும் நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று தெரியும்.

அந்த நண்பருக்கும் கோபமில்லை. ஓஏஜி-யில் நட்சத்திரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார், பெரும்பாலும் ஓஏஜி-க்குள் ஒளியைத் திருப்பும் ப்ரிசம், அதன் நிழல் படக் கேமராவின் சென்சாரில் விழுமோ என்று பயந்து மிக வெளியே இழுத்து வைக்கப்பட்டிருக்கும், இல்லையென்றால் கைடு கேமரா ஃபோகஸில் இருக்காது. பகலில் தூரத்துச் செல்போன் கோபுரத்தைப் பார்த்துப் படக் கேமராவை ஃபோகஸ் செய்துவிட்டு, கைடு கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தினால் பத்து நிமிட வேலை. சனிக்கிழமை மாலை ஏழு மணி வரை கடை திறந்திருக்கும், குழாயோடு கொண்டு வரச் சொல்லுங்கள். பிஎச்டி2 பதிந்து வைக்கும் கைடு லாக் ஃபைலையும் மறக்காமல் எடுத்து வரட்டும்.