பலகையில் ‘வலி சிறப்பு மருத்துவர்’

ஆசிரியருக்கு வணக்கம்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்கள் கழுத்துவலிக்கு இப்போது ‘வலி சிறப்பு மருத்துவர்’ பலகையைத் தேடிப் போகிறார்கள். என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதில் தப்பில்லை.

எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. அடுத்து எம்.டி. என்ற முதுநிலைப் பட்டம் 3 ஆண்டு; பெரும்பாலோர் மயக்கவியல் வழியாகவே வருகிறார்கள். அதன்பின் வலி மருத்துவத்துக்கென்றே தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.என்.பி. என்ற சிறப்புப் பயிற்சி 2 ஆண்டு, இதற்குத் தனி நுழைவுத் தேர்வு. அல்லது சில நிறுவனங்களில் மட்டும் உள்ள டி.எம். என்ற உயர்சிறப்புப் பட்டம், 3 ஆண்டு. எஃப்.ஐ.பி.பி. என்பது ஊசி போட்டு வலியைக் குறைக்கும் திறனைச் செய்முறையாகவும் சோதிக்கும் சர்வதேசத் தேர்வு. முதுநிலைப் பட்டத்துக்கு ஈடாகாது. சனி ஞாயிறு வகுப்புச் சான்றிதழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார்? வலியைக் குறைக்கக் கழுத்தெலும்பில் நரம்பு வெளிவரும் துளை வழியாக ஊசி போடும்போது முனை ரத்தக் குழாய்க்குள் போய்விடலாம். மெதைல்பிரெட்னிசலோன் போன்ற துகள் கலந்த ஸ்டீராய்டு அங்கே அடைத்தால் பக்கவாதம் வரும், உயிரே போகலாம். அதனால்தான் சி-ஆர்ம் என்ற, அசைவையும் காட்டும் எக்ஸ்ரேயில் பார்த்தபடி, அதில் தெரியக்கூடிய சாயமருந்தை முதலில் விடுகிறார்கள். சாயம் நரம்பை ஒட்டிப் படிய வேண்டும்; சட்டென்று கரைந்து ஓடினால் ஊசியை எடுத்துவிட வேண்டும். மருந்தும் துகளில்லாத டெக்சாமெத்தசோனாக இருப்பது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் எந்தப் பட்டம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மயக்கவியல் மருத்துவர்கள் சிலர்,
பாளையங்கோட்டை