முழுப் பதிவுக்கான நேரமும் வேலை நேரம்தான்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் கதைக்கும்போது, "முழுப் பதிவு எனக்குத்தானே அம்மா, அதை நான் இரவில வீட்டில இருந்து செய்யிறன், டிரெக்டருக்கு ஏன் கரைச்சல் குடுப்பான்" என்றாய். தற்காலிகப் பதிவோடு கிண்டரில், அதாவது முன்பள்ளியில், படிப்பிக்கிற நீ, முழுப் பதிவுள்ள ஆசிரியராக வரச் செய்யவேண்டிய வேலையைத்தான் அப்படிச் சொன்னாய். அது எனக்கு மனதுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. திரும்ப எடுத்துக் கதைத்தால் "சரி சரி" என்று சொல்லி நீ வேறு கதைக்குப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

உன்னுடைய பதிவு உனக்கு மட்டுமானது என்று யார் சொன்னது? ஆஸ்திரேலியாவின் இந்த விக்டோரியா மாநிலத்தில் அரசாங்கக் காசு வாங்கி கிண்டர் நடத்துகிற எந்த நிலையமும் பதிவுள்ள ஆசிரியர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். வாசலில் "இலவச கிண்டர்" என்று அவர்கள் பலகை வைத்திருப்பது உன் பட்டத்தையும் உன் பதிவையும் நம்பித்தான். அதால் வருகிற நன்மையில் நிலையத்துக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் அதற்கான வேலை முழுக்க உன் நித்திரையில் இருந்து போகவேண்டும் என்றால் அதை நான் எப்படி ஒத்துக்கொள்வது?

இந்தப் பதிவே எங்களுக்குச் சும்மா வந்ததில்லை. 2015 செப்டெம்பர் 30 வரைக்கும் விக்டோரியாவில் முன்பள்ளி ஆசிரியர்களுக்குப் பதிவு என்பதே இருக்கவில்லை. பள்ளிக்கூட ஆசிரியர்கள் விஐடியில், அதாவது விக்டோரியா ஆசிரியர் நிறுவனத்தில், பதிந்திருந்தார்கள். நாங்கள் அதே பல்கலைக்கழகத்தில் படித்து வந்தும் பிள்ளை பார்க்கிற ஆட்கள் என்றுதான் எண்ணப்பட்டோம். டண்டினொங்கில் நான் வேலை செய்த இடத்தில் பதிவு அட்டை வந்த கிழமை எல்லோரும் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு இப்பவும் ஞாபகம்.

இனிச் சம்பளத்துக்கு வருகிறேன், இதை வடிவாக விளங்கிக்கொள். உன் நிலையம் தனியார் லோங் டே கெயார், முழுநாளும் பிள்ளைகளைப் பார்க்கிற இடம். வேலைக் கடிதத்தில் வேறு ஒப்பந்தம் எதுவும் போடவில்லை என்றால் உனக்குப் பொருந்துவது 2020ஆம் ஆண்டின் கல்விச் சேவை ஆசிரியர் அவார்ட், அதாவது இந்தத் தொழிலுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் நிபந்தனைகளும் வகுக்கிற சட்ட ஆவணம். அதில் ஐந்து படிகள். புதிதாக வருகிறவர் முதலாம் படி. முழுப் பதிவு கிடைத்தவர் இரண்டாம் படி. அங்கே மூன்று வருடம் திருப்தியாக வேலை செய்தால் மூன்றாம் படி, இன்னும் மூன்று வருடத்தில் நான்காம் படி. ஆகவே முழுப் பதிவு ஆறு மாதம் பிந்தினால் அந்த ஆறு மாதச் சம்பளத்தோடு கணக்கு முடியாது, அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு படியும் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

இந்தப் படிகள் 2022 ஜனவரியில் இருந்துதான் இப்படி. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. 2013இல் ஆசிரியர்களின் தொழிற்சங்கமான சுயாதீனக் கல்விச் சங்கம், அவார்டுகளைத் தீர்மானிக்கிற ஃபெயார் வேர்க் ஆணைக்குழுவுக்குப் போனது. பெண்கள் செய்கிற வேலை என்பதால்தான் சம்பளம் குறைவு என்று சொல்லி, ஆண் பொறியியலாளர்களோடும் ஆண் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களோடும் எங்களை ஒப்பிட்டார்கள். அந்த வாதம் வெல்லவில்லை. ஆனால் ஆசிரியர்களின் வேலை முன்பை விடக் கனத்துவிட்டது, அதன் பெறுமதி சம்பளத்தில் தெரியவில்லை என்பதை 2021 ஏப்ரலில் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. எட்டு வருடம் பிள்ளை! யாரோ முன்பின் தெரியாத ரீச்சர்மார் சாட்சிக் கூண்டில் நின்று, தாங்கள் ஒரு நாளில் என்னென்ன செய்கிறோம் என்று விளக்கிச் சொன்னதால் கிடைத்த படி அது. அதை நீ கேட்டு வாங்கவேண்டும்.

விஐடி உன்னிடம் கேட்பது என்னவென்று உனக்கே தெரியும். குறைந்தது 80 நாள் கற்பித்திருக்க வேண்டும். ஏழு தராதரங்கள், அவற்றுக்குள் 37 விடயங்கள். உன் பிள்ளைகளைப் பற்றி ஒரு கேள்வியை எடுத்து, அதற்கேற்ப செய்து பார்த்து, ஆதாரத்தோடு எழுதி, ஒரு குழுவுக்கு முன் வைக்கவேண்டும். இதில் எது இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்து செய்யக்கூடியது?

நீ சொன்னாயே அந்தக் கரேன் பிள்ளை, பர்மாவில் இருந்து வந்த கரேன் இனத்துக் குடும்பம், வீட்டில் ஆங்கிலமே இல்லாத பெடியன். பென்டிகோவில் கரேன் குடும்பங்கள் நிறைய, அவனைப் போல இன்னும் பலர் உன்னிடம் வருவார்கள். அவன் கட்டைகள் அடுக்குகிற மூலையில் தனியே இருக்கிறான். நீ போய் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து நாலு கட்டை அடுக்குகிறாய். அவன் உன் கையைப் பார்த்து ஒன்றை எடுத்துத் தருகிறான். நீ அவன் மொழியில் "நன்றி" சொல்கிறாய், தாயிடம் கேட்டுப் பழகிய ஒரே சொல். மென்டர், அதாவது உனக்கு வழிகாட்டுகிற முழுப் பதிவுள்ள ஆசிரியர், அந்தச் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து இதைப் பார்த்தால்தான், பிறகு "ஏன் நீ முதலில் கதைக்கவில்லை?" என்று உன்னைக் கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு நீ சொல்கிற பதில்தான் உன் ஆதாரம். மென்டருக்கு வர நேரம் வேண்டும், உனக்கு இருந்து கதைக்க நேரம் வேண்டும். இரண்டும் பிள்ளைகள் நிற்கிற பகல் நேரம்.

இன்னொன்று. 2025 செப்டெம்பர் 26 முதல் விக்டோரியாவில் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குச் சொந்தப் போன் கொண்டுபோக முடியாது. மிக நல்ல விதி, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு வந்தது. அப்படியென்றால் உன் படங்களும் குறிப்புகளும் நிலையத்தின் டப்லெட்டில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். விஐடிக்குக் காட்டுவதில் பிள்ளையின் பெயரும் முகமும் தெரியக்கூடாது என்பதால் அவற்றை அங்கேயே இருந்து ஒழுங்குபடுத்துவதுதான் முறை. வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாத வேலையை வீட்டு நேரத்தில் செய் என்று யாரும் சொல்ல முடியாது. டிரெக்டரிடம் இதையே சொல்லு.

கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் பிள்ளைகள் இல்லாமல் திட்டமிட அவார்ட் தருகிறதே, அதற்குள் செய்துவிடலாம் என்று நினைக்காதே. அது உன் வகுப்பின் திட்டத்துக்கானது, அதுவே காணாது. பதிவு வேலைக்கு வேறாக நேரம் கேள். டிரெக்டர் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட பதினொரு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது சட்டம். உன்னை வெளியே எடுத்தால் இன்னொருவருக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்தவேண்டும். அதனால் "நேரம் தாங்கோ" என்று மொட்டையாகக் கேட்காமல், எந்தக் கிழமை, எந்த நாள், எத்தனை மணித்தியாலம், மென்டர் எப்போது வருவார் என்று திகதியோடு கொடு. ஆட்களை முன்கூட்டி ஒழுங்குபடுத்த அவருக்கு அது உதவும்.

உங்கள் நிலையத்தில் முழுப் பதிவுள்ள வேறு ரீச்சர் இல்லை என்று கவலைப்பட்டாய். மென்டர் வெளியில் இருந்தும் வரலாம். ஒரே ஒரு ஆசிரியர் மட்டும் இருக்கிற கிண்டர் எத்தனை இருக்கிறது! பக்கத்து நிலையத்தில் அனுபவமுள்ள ஒருவரைக் கேள். மென்டர்களைப் பழக்குவதற்கென்று விஐடியும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து ஒரு பயிற்சி நடத்துகின்றன, அதைச் செய்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளைக்கு மென்டர் இடைநடுவில் வேறிடம் போய்விட்டார். வேறு ஆளை நிலையம் தேடவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. தற்காலிகப் பதிவு இரண்டு வருடத்துக்குத்தான் தருகிறார்கள். அது முடிந்தபோது அவள் கையில் ஒரு பெட்டி நிறையத் தாள்கள் இருந்தன, பார்த்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை. பதிவைப் புதுப்பித்து, முதலாம் படிச் சம்பளத்திலேயே திரும்பத் தொடங்கினாள். கெட்டிக்காரி. அவளுக்கு நடந்தது உனக்கு நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கேட்டால் என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ, மணித்தியாலத்தைக் குறைப்பார்களோ என்ற பயம் உனக்கு இருக்கும். உன் வேலை உரிமையைப் பற்றி விசாரித்ததற்காக உனக்குக் கெடுதல் செய்ய 2009ஆம் ஆண்டின் ஃபெயார் வேர்க் சட்டம் இடம் கொடுக்காது. கேட்டதற்குச் சாட்சி இருக்கவேண்டும், அதனால் நேரில் கதைத்துவிட்டு அன்றைக்கே மின்னஞ்சலிலும் போடு. தொழிற்சங்கத்தில் இன்னும் சேரவில்லை என்று தெரியும். இந்த மாதமே சேர். அவார்டில் இல்லாத நல்ல ஏற்பாடுகள் சில கிண்டர் ஒப்பந்தங்களில் இருக்கின்றன. அடுத்த வேலைக்குப் போகும்போது எதைப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று அவர்கள் வரிவரியாகச் சொல்லித் தருவார்கள்.

டிரெக்டருக்கு எழுதுகிற மின்னஞ்சலை முதலில் எனக்கு அனுப்பு. "மன்னிக்கவும்", "தொந்தரவுக்கு வருந்துகிறேன்" என்று வருகிற இடமெல்லாம் நான் வெட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா