வேளச்சேரி மாடியில் மந்தை நாயா?

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய நாய்க்குட்டிப் படத்தை அம்மாவும் நானும் பார்த்தோம். அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆட்டு மந்தையை மேய்க்கும் பார்டர் கோலி ஜாதி நாய் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை உன் அண்ணன் எங்களை இங்கே நியூசிலாந்தில் மெக்கன்சி பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப் போனான். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து காரில் மூன்று மணி நேரம். வழியெல்லாம் பால் மாடுகள்தான். 1982-ல் இந்த நாட்டில் 7 கோடி செம்மறி ஆடுகள் இருந்தனவாம், இன்று அதில் பாதிகூட இல்லை. மலைப்பக்கம் ஏறிய பிறகுதான் ஆடுகள் கண்ணில் பட்டன. டூரிஸ்டுகளை உட்கார வைத்து வேடிக்கை காட்டும் பண்ணை இல்லை அது. அண்ணனின் ஆபீஸ் நண்பருடைய சொந்தக்காரர்கள் கம்பளிக்காக மெரினோ ஆடு வளர்த்துப் பிழைக்கிறார்கள். கோடையில் மலைமேல் மேய்ந்தவற்றைப் பனி விழுவதற்குள் கீழே இறக்கும் சமயம் என்பதால், எங்களோடு பேசவே அவர்களுக்கு நேரமில்லை.

பண்ணைக்காரர் வாயில் ஒரு சின்ன விசில். அவர் ஊதியதும் காலடியில் கிடந்த நாய் கிளம்பியது. ஆட்டை நோக்கி நேராக ஓடும் என்று பார்த்தேன், அது எங்கோ வலப்பக்கமாக விலகி ஓடியது. 'வழி தப்பிவிட்டது போலிருக்கே' என்றாள் அம்மா. தப்பவில்லை. நேராக ஓடினால் மந்தை சிதறிவிடும். அகலமாக வளைந்து போய், மந்தைக்குப் பின்னால், பண்ணைக்காரருக்கு நேர் எதிரே நின்றது. அதற்கப்புறம் அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது எதிர்ப்பக்கம் நகர்ந்தது. நடுவில் மாட்டிய ஆடுகள் அவரை நோக்கி வந்துகொண்டே இருந்தன.

ஒரு தாயாடு மட்டும் திரும்பி நின்று முன்னங்காலால் தரையைத் தட்டியது. நாய் பதுங்கியது. தூக்கிய ஒரு காலைக் கீழே வைக்கவில்லை, குரைக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. தாயாடு இன்னொரு தட்டுத் தட்டிப் பார்த்தது. நாய் அரை அடி முன்னால் வந்தது, அவ்வளவுதான். ஆடு தலையைத் திருப்பிக்கொண்டு மந்தையோடு போய்ச் சேர்ந்தது. ஓநாய் இரையைப் பார்த்துப் பதுங்குவது, வளைத்துப் பிடிப்பது எல்லாம் இந்த நாயிடம் அப்படியே இருக்கிறது. கடித்துக் கொல்வதை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் 1893-ல் பிறந்த ஹெம்ப் என்ற நாய் அப்படித்தான் சத்தமே போடாமல் கண்ணாலேயே ஆட்டை மடக்குமாம். இன்றைய பார்டர் கோலிகள் அநேகமாக எல்லாமே அதன் வம்சம். இங்கே மந்தையை மறிக்கும் நாய்கள் அந்த வழியில் வந்தவைதான். நீ அனுப்பிய படத்தில் இருக்கும் குட்டியும் அசல் என்றால், அதன் ரத்தத்திலும் அந்தக் குணம் இருக்கும்.

இன்னொரு ஜாதியும் வைத்திருக்கிறார்கள், ஹண்டவே என்று பெயர். இந்த நாட்டிலேயே உருவானது. ஆளும் பெரிது, குரலும் பெரிது. பின்னால் நின்று குரைத்தே மந்தையை மலையிலிருந்து தள்ளிவிடும். மேலே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்த ஆடுகள், அது இரண்டு குரல் கொடுத்ததும் அரிசி மூட்டை அவிழ்ந்த மாதிரி சரிவில் கொட்டின. பட்டிக்குள் நெரிசலானால் ஆட்டு முதுகின் மேலேயே ஏறி நடக்கிறது. உன் அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது டெக்காப்போ ஏரிக்கரையில் 1968-ல் மந்தை நாய்க்கு வைத்த வெண்கலச் சிலையைப் பார்த்தோம். இந்தப் பகுதியின் பெயரே ஓர் ஆட்டுத் திருடனின் பெயர்தான் தெரியுமா? ஜேம்ஸ் மெக்கன்சி 1855-ல் 1000 ஆடுகளோடு பிடிபட்டான், கூட இருந்தது ஒரே ஒரு நாய். தான் திருடவில்லை, கூலிக்கு ஓட்டி வந்தேன் என்றான். ஐந்து வருடத் தண்டனை விதித்து, மறு வருடமே மன்னித்து விட்டுவிட்டார்கள். நம் ஊருக்குக் கிடை போட வரும் கீதாரிகளிடமும் நாய் உண்டு, ஆனால் அது காவலுக்கு. ஆட்டைத் திருப்புவதெல்லாம் கீதாரியின் தொண்டையும் கம்பும்தான். ஆயிரம் ஆட்டை ஒற்றை நாயோடு ஓட்டினான் என்று சொன்னால் அவர்கள் நம்பவே மாட்டார்கள்.

சரி, உன் விஷயம். பண்ணைக்காரரிடம், என் மகள் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இந்த நாயை வளர்க்க ஆசைப்படுகிறாள் என்று அண்ணனை விட்டுக் கேட்கச் சொன்னேன். "வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்" என்றார். ஆடு இல்லாத இடத்தில் சைக்கிள், பைக், ஓடும் குழந்தை எல்லாமே அதற்கு ஆடுதான். விரட்டி வளைக்கும், குதிகாலைக் கவ்வும். சுவரில் விழும் நிழலைத் துரத்தியே பித்துப்பிடித்த நாய்களும் உண்டாம். நம் நிலாக்குட்டி வராண்டாவில் ஓடும் ஓட்டத்தை நினைத்துப் பார்த்தேன். நீயும் மாப்பிள்ளையும் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வீடு திரும்புகிறீர்கள். அதுவரை அது யாரை மேய்க்கும்? அப்புறம், குளிர் நாட்டுக்கான இரட்டை ரோமத்தோடு சென்னை மே மாதத்தில் அது படும் பாட்டுக்கு ஏசி போட்டு எத்தனை நாள் சமாளிப்பாய்? பண்ணை நாய்கள் வீட்டுக்குள்ளே வருவதில்லை, வெளியே மரக்கூண்டில்தான் தூங்குகின்றன. அவை கேட்பது மெத்தையை இல்லை, நாள் முழுக்க ஓட ஒரு மலையை.

நாயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நிலாவுக்கு நல்லதுதான். வீட்டுக்குப் பக்கத்திலேயே கிண்டியில் புளூ கிராஸ் விலங்குக் காப்பகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போய் நாட்டுக்குட்டி ஒன்றைப் பார். நம் வெயிலும் பழைய சோறும் அதற்குப் பழக்கம். அந்தக் குட்டி விற்கிறவருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் எவ்வளவு என்று எனக்கு மட்டும் சொல், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா