சால்வை போர்த்திய பிறகு

ஆசிரியருக்கு,

குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன அமைப்பு மாலை வகுப்பு நடத்துகிறது. பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று தனக்கு வரும் வெளிநாட்டு நிதியில் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவந்தது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி அப்படிப் பிரித்துக் கொடுக்கத் தடை போட்டார்கள். அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. எந்த ஊர் அமைப்பானாலும் வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும்.

சரி, சட்டமாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு உறுத்துவது பிறகு அந்தச் சின்ன அமைப்புக்கு வந்த சால்வைதான். விழா மேடை, பாராட்டுச் சான்றிதழ், அரசுத் திட்டத்தில் ‘பங்குதாரர்’ என்ற பட்டம். போன மாதம் அதே பெண்கள் கூலி உயர்வுக்கு மனு எழுதித் தரச் சொல்லி அந்த அமைப்பிடம் போனார்கள். முன்பெல்லாம் உடனே பேனாவை எடுப்பவர்கள், “மேலே கேட்டுச் சொல்கிறோம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

– ஒரு வாசகர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்