ஆறடி மூணு அங்குலப் பிள்ளைக்கு ஒரு வார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, அக்கா போன வாரம் வந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை நாலு முறை பார்த்தேன். நீ நன்றாகத்தான் வாசிக்கிறாய். ஆனால் என் கண் உன் முதுகிலேயே நின்றுவிட்டது. பேஸ் கிட்டார் நெஞ்சுக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. நீ தோளைக் குறுக்கி, கழுத்தை வளைத்து நிற்கிறாய். கேட்டதற்கு, "கடையில இருக்கிற ஸ்ட்ராப் எல்லாம் எனக்குக் குட்டைம்மா, நீளமா ஒண்ணு இருக்கு, அது 4,000 ரூபா" என்றாய். அப்புறம், இதையே சமாளித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாய். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்பதாம் வகுப்பிலேயே நீ ஆறடி. பள்ளி பெஞ்சில் முட்டி இடிக்கும், கம்பியைப் பிடிக்காமலே பஸ் கூரை தலையில் தட்டும். பேன்ட் வாங்கினால் முதல் வேலையாக மடிப்பைப் பிரித்து இறக்கித் தைப்பேன். உலகத்தில் இருக்கிற பொருளுக்குத் தகுந்த மாதிரி உடம்பைக் குறுக்கிக்கொள்கிற பழக்கம் உனக்கு அப்போதே வந்துவிட்டது. கிட்டாரைத் தோளில் மாட்டுகிற இந்த வாரையாவது உன் உடம்புக்குத் தகுந்த மாதிரி பார்த்து வாங்கு. அதற்கு 4,000 வேண்டியதில்லை. ஷூ கம்பெனியில் 22 வருஷம் ஷூவின் மேல்பாகத் தோலைத் தைத்தவள் நான். தோலும் தையலும் எங்கே விடும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அள. அளக்காமல் கடைக்குப் போகாதே. நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்து வாசித்துப் பார். அது வயிற்றுக்கு எந்த இடத்தில் வருகிறதோ, நின்றாலும் ஏறக்குறைய அங்கேயே இருக்க வேண்டும் என்று நம் ஆலயத்துப் பாடகர் குழு அண்ணன், வாசிக்கிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். ரொம்ப ஏறினால் தோள் கெடும். தொடை வரைக்கும் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டை மடக்கி மடக்கி வாசிக்க வேண்டும், அது நரம்பைப் பிடித்துக்கொள்ளும். பார்ப்பதற்கு ஸ்டைல் என்று அவ்வளவு கீழே இறக்காதே.

எழுந்து நின்று, நண்பனை விட்டுக் கிட்டாரை அந்த உயரத்தில் பிடிக்கச் சொல். இழுபடாத சணல் கயிறு ஒன்றை எடுத்து, கிட்டாரின் மேல்பக்கம் கழுத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கிற கொம்பில் வார் மாட்டுகிற பட்டனில் ஆரம்பித்து, இடது தோள்மேல் போட்டு, முதுகில் குறுக்காக இறக்கி, கீழ்ப் பட்டன் வரைக்கும் கொண்டுவா. அந்தக் கயிற்றை டேப்பில் அள. பட்டன் நுழைகிற ஓட்டை வாரின் நுனியிலேயே இருக்காது, ஓர் அங்குலம் உள்ளே தள்ளித்தான் இருக்கும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 2 அங்குலம் கூட்டிக்கொள். அதற்கு மேல் 5 அங்குலமாவது மிச்சம் வேண்டும். கடைசி வரைக்கும் இழுத்துவிட்டால் பக்கிள் போய் முனைத் தோலில் முட்டி நிற்கும், அப்புறம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டுமென்றால் ஓர் அங்குலம்கூட விட முடியாது.

சாதாரணமாகக் கிடைக்கிற ஸ்ட்ராப்கள் பெரும்பாலும் 60 அங்குலத்துக்குள் நின்றுவிடும். உன் உயரத்துக்கும் அகலத்துக்கும் அது போதாது. எர்னி பால் கம்பெனியின் பாலிப்ரோ என்ற சாதா பட்டை 41 அங்குலத்திலிருந்து 72 அங்குலம் வரை நீளும். மலிவான வகைதான், பெரிய இசைக்கருவிக் கடைகளில் கேட்டுப் பார். வேறு எதை வாங்கினாலும், "நீளமானது" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்காதே. அட்டையில் எத்தனை அங்குலம் என்று எழுதியிருக்கிறது, அது முழுக்க இழுத்த அளவுதானா என்று பார். கயிற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போ.

நீளம் என்பது பட்டைதான். இன்னும் ஒன்றரை முழம் பட்டை சேர்ப்பதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நீ காசு கொடுக்க வேண்டியது இரண்டு முனைகளுக்கு. அங்கேதான் கிட்டாரின் நாலு கிலோவும் தொங்குகிறது.

உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில் ஆலயத்துக் கிட்டார் கீழே விழுந்து கழுத்து விரிசல் விட்டது. எல்லோரும் பையன் கவனக்குறைவு என்றார்கள். நான் அந்த வாரை வாங்கிப் பார்த்தேன். முனை தோலே இல்லை, துணிமேல் ரப்பர் மாதிரி பூசிய ரெக்ஸின். ஓட்டை கிழிந்து பெரிதாகியிருந்தது. அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அன்றைக்கே சொன்னேன்.

அதனால் முனையின் வெட்டிய ஓரத்தைப் பார். தோலாக இருந்தால் ஓரத்தில் நார் நாராகத் தெரியும். ரெக்ஸின் என்றால் நடுவில் துணி தெரியும், மேலே ஒரு மினுமினுப்பு ஏடு இருக்கும். இரண்டாக மடக்கிப் பார், ஏட்டில் கோடு விழுந்தால் வேண்டாம். பருமனும் முக்கியம். நாங்கள் ஷூவுக்குத் தைக்கிற தோல் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், அது தனியாக கிட்டார் கனத்தைத் தாங்காது. முனைக்கு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டு தோலை ஒட்டித் தைத்திருக்க வேண்டும். பட்டன் நுழைகிற ஓட்டையிலிருந்து ஒரு கீறல் போகும் பார், அந்தக் கீறலின் கடைசியில் சின்னதாக இன்னொரு துளை குத்தியிருந்தால் தைத்தவர் வேலை தெரிந்தவர். அந்தத் துளை இல்லாவிட்டால் கீறல் அப்படியே கிழிந்துகொண்டே போகும். புது வாரில் பட்டன் நுழையக் கஷ்டப்பட வேண்டும். சுலபமாகப் போட்டேன் என்று சந்தோஷப்படாதே.

தையல் பார்க்கும்போது, நெருக்கமாக இருந்தால் பலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தோலில் அப்படி இல்லை. ஊசித்துளை கூடக் கூட, தபால்தலையைக் கிழிக்கிற மாதிரி வரிசையாகக் கிழிந்து வந்துவிடும். கொஞ்சம் விட்டு விட்டு, தடித்த நைலான் அல்லது பாலியஸ்டர் நூலில், சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் அதுதான் நல்ல தையல். ஸ்கூல் பை வாரில் பார்த்திருப்பாய். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும்.

பட்டை விஷயத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாலிப்ரோபிலீன் என்கிற பிளாஸ்டிக் நூல் பட்டை மலிவு, தண்ணீர் இழுக்காது, சீக்கிரம் இற்றுப்போகாது. ஆனால் வழவழவென்று தோளில் வழுக்கும். பேஸ் கிட்டாருக்குத் தலைப்பக்கம் கனம். வாரில் பிடிப்பு இல்லையென்றால் தலை கீழே சாயும், நீ இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். பருத்திப் பட்டை வழுக்காது, தோளுக்கும் இதம். ஆனால் வியர்வையை உறிஞ்சும், கறுப்புச் சாயமாக இருந்தால் வெள்ளைச் சட்டையில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை போடுகிற சட்டைக்காகச் சொல்கிறேன். உன் நீளத்துக்கு நல்ல பருத்திப் பட்டை கிடைத்தால் அதையே எடு. கிடைக்காவிட்டால் வழுக்கிற பட்டையை வாங்கு, அதற்கு நான் வழி வைத்திருக்கிறேன். அகலம் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உனக்கு 3 அங்குலம் இருந்தால் இன்னும் நல்லது, ஒரு மணி நேர ஆராதனையில் தோள் வித்தியாசத்தைச் சொல்லும்.

இருக்கிற குட்டை வாரோடு ஒரு துண்டைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாயே, அப்படி இணைப்புத் துண்டுகளும் விற்கிறார்கள்தான். லேசான கிட்டார் என்றால் சரி என்பேன். நாலு கிலோவுக்கு இன்னொரு மூட்டு எதற்கு, விட்டுப்போக இன்னும் ஓர் இடம்தானே அது. ஒரே பட்டையாக வாங்கு.

வாங்கி மாட்டிய பிறகு, பட்டனில், வாருக்கு வெளிப்பக்கமாக ஒரு ரப்பர் வாஷரை இறுக்கமாகப் போட்டுவிடு. குழாய்ச் சாமான் விற்கிற கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வார் தானாகக் கழன்று வராது. மாசத்துக்கு ஒரு தரம் ஓட்டை பெரிதாகிறதா என்று பார்த்துக்கொள்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், பிரித்துப் பார். பழுப்பு நிறத்தில் தோல் துண்டு ஒன்று, 11 அங்குல நீளம். ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல், மோந்து பார்த்தால் தெரியும். வழவழப்பான பக்கத்தை மேலே வைத்து, சொரசொரப்பான பக்கம் உன் தோளில் படுகிற மாதிரி தைத்திருக்கிறேன். இரண்டு முனையிலும் பட்டை நுழைகிற வளையம் இருக்கிறது, அதில் கோத்துத் தோள் மேல் நிறுத்திக்கொள். வழுக்காது. வளையத்தை 2 அங்குலப் பட்டைக்குத்தான் தைத்தேன். நீ 3 அங்குலம் வாங்கினால் சொல், வேறு தைத்து அனுப்புகிறேன்.

கயிற்று அளவு எத்தனை அங்குலம் வந்தது என்று இன்று ராத்திரியே போன் பண்ணிச் சொல். வாங்கின பிறகு இன்னொரு வீடியோ அனுப்பு, பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல், முதுகு தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா
ஆம்பூர்