இளமைப் பெயர்களில் எது பிழை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாத மாணவர் பகுதியில் வெளிவந்த, விலங்குகளின் குட்டிகளைக் குறிக்கும் மரபுச்சொல் பட்டியலைப் படித்தேன். புலிக்குப் பறழ், சிங்கத்துக்குக் குருளை, பசுவுக்குக் கன்று, குதிரைக்குக் குட்டி என்று விலங்குக்கு ஒரு சொல்லாக நிறுத்திவிட்டு, மாற்றிச் சொல்வது பிழை என்று முடித்திருந்தார்கள். கால்நடை ஆய்வாளராக 30 ஆண்டுகள் தொழுவங்களிலும் சந்தைகளிலும் இச்சொற்களைக் கேட்டுப் பழகியவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் தொல்காப்பியத்தையே பார்ப்போம். மரபியலின் முதல் நூற்பா பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் 9 என்கிறது. ஆனால் இவற்றை விலங்குக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமையைக் குருளை என்று சொன்ன கையோடு, குட்டி என்றும் பறழ் என்றும் சொல்வதை விலக்க வேண்டியதில்லை என்கிறது. பிள்ளை என்பதும் பொருந்தும், நாய்க்கு மட்டும் ஆகாது. (இன்று நாயைத்தான் பல வீடுகளில் பிள்ளை என்கிறார்கள்!) அப்படியிருக்க, புலிக்குட்டி என்று எழுதிய மாணவனின் மதிப்பெண்ணை எந்த மரபின் பெயரால் குறைப்பது? குதிரையோ மறி என்ற வரிசையிலும் வருகிறது, கன்று என்ற வரிசையிலும் வருகிறது. குட்டி என்ற வரிசையில் இல்லை. அந்தியூர் ஆடிச் சந்தைக்குக் குதிரை கொண்டு வருகிறவர்கள் குட்டி என்றுதான் சொல்கிறார்கள், தங்கள் பட்டியலும் அப்படியே சொல்கிறது. வழக்கு மாறியதை அங்கே ஏற்றுக்கொண்டவர்கள் மற்ற இடங்களில் மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

மறி என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. ஆடு, மான், குதிரை ஆகியவற்றின் இளமையைக் குறித்த அச்சொல், நம் பேச்சில் செம்மறி என்ற பெயருக்குள் ஒதுங்கி, முழு வளர்ச்சி பெற்ற ஆட்டையே குறிக்கலாயிற்று. அதன் இளையதைச் சொல்லச் செம்மறிக்குட்டி என்று இன்னொரு சொல்லை ஒட்ட வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தில் மறியாடு என்றால் வயதைப் பற்றிய பேச்சே இல்லை, அது பெண்ணாடு, கிடாய்க்கு எதிர்ச்சொல். கன்னடத்தில் மரி என்பது நாய் முதல் யானை வரை பல விலங்குகளின் குட்டிக்கும் பொதுவாக நிற்கிறது. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்பவற்றிலும் பிள்ளை இளமையை இழந்து விலங்கின் பெயராகவே ஆகிவிட்டது.

உழவர்களுக்கு இது வெறும் இலக்கண விவாதம் அன்று. கிடேரி என்ற ஒரு சொல்லால் நேர்ந்த வழக்கு ஒன்று எங்கள் கால்நடைக் கிளை நிலையத்தின் வாசலுக்கே வந்தது. நகரத்திலிருந்து வந்து பால் பண்ணை தொடங்கிய இளைஞர் ஒருவர், 4 கிடேரிகளுக்குத் தொலைபேசியிலேயே விலை பேசி முன்பணமும் அனுப்பிவிட்டார். சினைப்பருவத்தில் இருக்கும் மாடுகள் வரும் என்று அவர் காத்திருக்க, வண்டியிலிருந்து இறங்கியவை பால்குடி மறந்து சில வாரங்களே ஆன கன்றுகள். ஏமாற்றிவிட்டார் என்று இவர் குமுற, கிடேரி என்றுதானே சொன்னேன் என்று வியாபாரி கேட்டார். இருவரும் பொய் சொல்லவில்லை. துறையின் பதிவேட்டில் பிறந்த அன்றே பெண் கன்று கிடேரிக் கன்றாகிவிடும். பலர் பேச்சில் கன்று ஈனாத இளம் பசுவே கிடேரி. சந்தையிலோ, மடியில் கன்று முட்டிக்கொண்டிருக்கும் பசுவைக்கூடத் தலையீற்றுக் கிடேரி என்று கூசாமல் விற்பார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பெயரோடு நிற்காமல் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார்கள். பல் போடாதது, 2 பல், 4 பல், நிலைப்பற்கள் எல்லாம் முளைத்துக் கடை சேர்ந்தது என்ற கணக்கில் ஊருக்கு ஊர் குழப்பம் இல்லை. முதல் இணைப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்க ஏறத்தாழ 2 வயது ஆகும் என்பதை எந்தத் தரகரும் மாற்றிச் சொல்ல முடியாது.

கன்று என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. அரசுத் திட்டத்தில் கன்றுகள் வழங்கப்படும் என்ற அறிவிப்பைக் கேட்டு, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் புதுக் கயிறு வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார், கொடுத்தது மாங்கன்று. மரஞ்செடிகளின் இளமையையும் கன்று, பிள்ளை எனலாம் என்று தொல்காப்பியமே சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னால் அவர் சமாதானம் அடைவாரா, என்ன?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். மாணவர் பகுதியில் பிழை, சரி என்று இரண்டாகப் பிரிப்பதற்குப் பதில், எந்தச் சொல் எந்தப் பகுதியில் எதைக் குறிக்கிறது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். ஈழத்து வாசகர்கள் எழுதினால் நாம் அறியாத சொற்கள் இன்னும் கிடைக்கும். சந்தை நிலவரப் பக்கத்தில் கன்று, கிடேரி என்று மட்டும் விலை போடாமல், ஆணா பெண்ணா, எத்தனை பல் என்பதையும் அடைப்புக்குறிக்குள் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
ஈரோடு மாவட்டம்.