வண்டி ஓட்டுபவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் பொள்ளாச்சியில் ஒரு தோப்பு முதலாளியிடம் கார் ஓட்டுகிறேன். அவருக்கு வால்பாறைப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டமும் இருப்பதால், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவது எனக்கு வாடிக்கை. வண்டி வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய எஸ்யூவி. பெயர் இங்கே வேண்டாம். இந்த மாதிரி விலை கூடிய வண்டிகளுக்கு சர்வீஸ் சென்டர்களில் பழுது பார்க்கும் விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு எரிய ஆரம்பித்தது. கார் சறுக்குவதுபோல் படம் போட்ட மஞ்சள் விளக்கு. கூடவே, அழுத்தி பிரேக் மிதித்தாலும் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் விளக்கு, அப்புறம் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து இறக்கும் வசதி வேலை செய்யாது என்று ஒரு எச்சரிக்கை. மூன்று பழுது வந்துவிட்டதாக முதலாளி பயந்துபோனார். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். நான்கு சக்கரங்களிலும் உள்ள வேக சென்சார்களை நம்பித்தான் இவை எல்லாமே ஓடுகின்றன. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், அது வழுக்குகிறது என்று கண்டுகொண்டு அதற்கு மட்டும் பிரேக் பிடித்து, இன்ஜினின் இழுவையையும் குறைப்பதுதான் டிராக்‌ஷன் கண்ட்ரோல். ஒரு சென்சாரின் சிக்னல் நின்றாலும் கணக்குத் தவறிவிடும். வண்டியின் கம்ப்யூட்டர் இவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும். சாதாரண பிரேக் அப்போதும் பிடிக்கும். ஆனால் அட்டகட்டிக்கு மேலே ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் இறுகிக்கொண்டு வண்டி வழுக்கிப் போகும். தெரியாதவர்கள் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த விளக்கு சமவெளியில் எரிந்ததே இல்லை. மலையில், அதுவும் இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் மட்டும் வரும். நாம் இடது ஓரமாகப் போவதால் இடது வளைவுதான் நெருக்கம். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிக்க வேண்டும். வலது வளைவில் அவ்வளவு தேவைப்படாது. தினமும் கையில் ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு இது தெரியாமல் போகுமா?

கோவையில் சர்வீஸ் சென்டரில் இதைச் சொன்னேன். "டிரைவரண்ணா, இது எலக்ட்ரானிக்ஸ். நீங்க வெயிட்டிங் ஹால்ல உட்காருங்க" என்றார்கள். அவிநாசி ரோட்டில் நேராக ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியின் பழுதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் வந்த பழுது எண்ணை, அவர்கள் 'கோடு' (code) என்பதை, அழித்து அனுப்பினார்கள். நேர் ரோட்டில் எப்படி எரியும்? மறுபடி வந்ததும், ஏபிஎஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான மாட்யூலையே மாற்ற வேண்டும் என்று லட்சத்தைத் தாண்டி எஸ்டிமேட் போட்டார்கள். என்ன கோடு வந்தது என்று முதலாளி கேட்டதற்குப் பதிலே இல்லை.

பிறகு பொள்ளாச்சியிலேயே ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் விட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் பக்கம் ஒடிச்சா எரியுதுங்ணா?" என்பதுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்கேனரில் சக்கரங்களின் வேகம் ஓடும் பக்கத்தைத் திறந்து வைத்தார். பையன் வலது முன்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தான். ஸ்டியரிங் நேராக இருந்தபோது திரையில் எண் ஒழுங்காக ஓடியது. நான் இடது பக்கம் கடைசிவரை ஒடித்ததும் பொட்டென்று சைபர். திருப்பி விட்டால் எண் வந்துவிட்டது. சென்சார் ஒயரை விரலால் நீவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேலே உறை முழுசாக இருக்கிறது, உள்ளே மட்டும் கம்பி அறுந்து தொளதொளவென்று இருந்தது. முன்பு ஷாக் அப்சார்பர் மாற்றியவர்கள் ஒயரைப் பிடிக்கும் கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. அதனால் ஒவ்வொரு முறை ஒடிக்கும்போதும் ஒயர் இழுபட்டிருக்கிறது. அசையும் இடத்தில் ஒட்டுப் போட்டால் நிற்காது என்று ஒயரோடு புது சென்சாரும் கிளிப்பும் போட்டார். எஸ்டிமேட்டோடு வைத்துப் பார்த்தால் சில்லறைக் காசு. அதற்கப்புறம் வால்பாறை போய் வருவதில் விளக்குத் தொந்தரவு இல்லை.

எல்லா வண்டியிலும் ஒயர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு டயர் மட்டும் வேறு சைஸ், பேட்டரி பலவீனம், அலைன்மென்ட் பார்த்துவிட்டு ஸ்டியரிங் சென்சாரை செட் செய்யாமல் விடுவது, பிரேக் லைட் சுவிட்ச் என்று எதனாலும் வரலாம். சில சமயம் குழந்தைகள் டிராக்‌ஷன் கண்ட்ரோலின் ஆஃப் பட்டனை அமுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். மாட்யூலும் கெட்டுப்போகும், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது.

ஸ்கேனரில் வந்த கோடுகளை அழிப்பதற்கு முன் அச்சடித்து பில்லோடு கொடுப்பதை சர்வீஸ் சென்டர்கள் வழக்கமாக்க வேண்டும். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கப் போகும்போது, வண்டியைத் தினமும் ஓட்டுபவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். மாட்யூல் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள், பணம் கட்டும் முன் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் ஓட்டுநர்,
பொள்ளாச்சி